சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பு

போன வருடம் நான் வேனில் ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருச்சியில் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரேஸ் முக்கொம்பில் தொடங்கும். ஆற்றுக் கரை, வாய்க்கால் கரை, வயல்களுக்கு நடுவே டிராக்டர் போகிற மண் பாதை என்று நூற்று நாற்பது கிலோமீட்டர் சுற்றிவிட்டு மறுபடியும் முக்கொம்பிலேயே முடியும். இதற்கென்றே கிராவல் பைக் என்று ஒரு வண்டி இருக்கிறது. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், கொஞ்சம் தடித்த டயர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஜோடியாகவும் பெயர் கொடுக்கலாம். ஜோடி என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருத்தி நின்றால் இன்னொருத்திக்கும் அத்தோடு ரேஸ் முடிந்தது.

என் ஜோடி ஸ்ரீரங்கத்துக்காரி, உத்திர வீதியில் வீடு, காலேஜிலிருந்தே என் கூட இருப்பவள். களைப்பு என்பதை அவள் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறாள். போன வருடம் எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், அவள் முன்னால் தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போக, நான் பின்னால் வந்த வேனில் ஏறிவிட்டேன். விழுந்தவர்களையும் முடியாதவர்களையும் அள்ளிக்கொண்டு போவதற்காக வருகிற வேன் அது. நான் விழவில்லை. டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே களிமண் அப்பிச் சக்கரம் சுற்ற மறுத்தது. பைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்தேன். வேனுக்குள்ளிருந்து மசால் வடை வாசனை வந்தது. இரண்டாவது வடையைக் கடிக்கும்போதுதான் எனக்கு ஜோடி என்று ஒருத்தி இருப்பதே ஞாபகம் வந்தது.

வேன் அவளை எட்டியபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு வடையைப் பார்த்தாள். பைக்கைத் தூக்கி வேன் மேல் போட்டுவிட்டு, முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்கொம்பு வரும்வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பின்னல் மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்துத்தான் பேசினாள். திருவானைக்காவலில் நாங்கள் வழக்கமாக நிற்கிற டீக்கடை.

"இன்னும் ஒரே ஒரு தடவை உன்னோட வரேன்டி. ரேஸ்ல வேன் படியில நீ கால் வெச்சே, அதோட சரி. அதுக்கப்புறம் அந்த பேங்க்காரியோட பேர் குடுத்துடுவேன்."

பேங்க்காரி எங்கள் குரூப்பில் ஓட்டுகிறவள். கெண்டைக்கால் இரண்டும் தேக்கில் கடைந்த மாதிரி இருக்கும்.

"அவளுக்குப் பேசவே வராதேடி. நூத்து நாப்பது கிலோமீட்டர் போரடிச்சே செத்துடுவே."

"நீ பேசற பேச்சுக்குத்தான் போன தடவை வேன்ல சீட்டு கெடச்சுது."

டீக்கு நான் காசு கொடுத்தேன்.

அந்த வருடம் முழுக்க நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, திருவானைக்காவலில் அவளோடு சேர்ந்து, கொள்ளிடக் கரையில் மேற்கே போவோம். பயிற்சிக்கு வேண்டியது சேறு. நமக்கு வேண்டும் என்கிறபோது ஊரில் அதுதான் கிடைக்காது. ஆகஸ்ட் வெயிலில் கரை முழுக்கப் புழுதி. கடைசியில் வயல் பக்கம் போனோம். நடவுக்காக உழுதுவிட்டு வெளியே வரும் டிராக்டர், தன் இரும்புச் சக்கரத்தில் அரை வயலைச் சுமந்துவந்து பாதையில் கொட்டிவிட்டுப் போகும். எங்களுக்கு அது போதும்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம்மா, நல்ல ரோடு அந்தப் பக்கம் இருக்கு. வழி தெரியலையா?"

"தெரியுங்க. எங்களுக்கு சேறுதாங்க வேணும்" என்றேன்.

"சேறா?" அந்த அக்கா பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். "அப்ப எறங்குங்க. நடவுக்கு ரெண்டு ஆளு கொறையுது. சாயங்காலம் வரைக்கும் சேறுதான்."

வயல் முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரம் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே, "வந்துட்டாங்கடி, சேறு வேணுங்கறவுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கடுத்த வாரம் மோர் கொடுத்தார்கள். நாற்றுக் கட்டைத்தான் கையில் கொடுக்கவில்லை.

கால் பழகியது. மண்தான் பழகவில்லை. பத்து நிமிடத்தில் சக்கரத்தின் இடுக்கில் களிமண் அடைத்துக்கொள்ளும், குச்சியால் குடைந்து எடுக்க வேண்டும், மறுபடி பத்து நிமிடம். இந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டில் அம்மா சீசனின் கடைசிப் பலாப்பழத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கையிலும் கத்தியிலும் எண்ணெய். பால் ஒட்டவில்லை. எனக்குப் பொறி தட்டியது. பலாப்பழப் பாலே ஒட்டவில்லை என்றால் கொள்ளிடத்துக் களிமண் எந்த மூலைக்கு?

மறுநாளே சோதனை. ஃப்ரேமின் இடது பக்கம் நல்லெண்ணெய், வலது பக்கம் தேங்காய் எண்ணெய், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையில் விளக்கெண்ணெய். நல்லெண்ணெய் இருபது நிமிடம் தாங்கியது. தேங்காய் எண்ணெய் முதல் குட்டையிலேயே போய்ச் சேர்ந்தது. விளக்கெண்ணெய் தடவிய இடத்தில் மண் உட்காரப் பார்த்து, வழுக்கி, தானாக விழுந்தது. அன்று நான் கரையில் போட்ட கூச்சலில் கொக்குகள் கிளம்பிப் போயின.

"குழம்பு தாளிக்க எண்ணெய் இல்ல, சைக்கிளுக்கு மூணு வகை எண்ணெயா?" என்று அம்மா கத்தினார். கத்திவிட்டு, ஹேண்டில்பாரில் புனித அந்தோணியார் உருவம் பதித்த காசு ஒன்றைச் சிவப்பு நூலில் கட்டிவிட்டார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். நான் காணாமல் போவேன் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்த வருடம் ரேஸை விஜயதசமி அன்று வைத்துவிட்டார்கள். லீவு நாளாம். மழை அதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி நிற்காமல் பெய்தது. சேறு இல்லையே என்று மூன்று மாதம் அழுததற்கு வட்டியோடு கிடைத்தது. முக்கொம்புக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போவது சுலபம் என்பதால், ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை என் பைக்கை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொல்லைப்புறத்தில் இரண்டு பைக்குகளையும் தலைகீழாக நிறுத்தி, விளக்கெண்ணெய் பாட்டிலும் பழைய வேட்டித் துணியுமாக உட்கார்ந்தேன். அவளுடைய அப்பா வந்து பார்த்தார்.

"என்னம்மா கொழந்தே, சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பா?"

எண்ணெய்க்காப்பு என்றால் பெருமாள் விக்ரகத்துக்குச் சாத்துவது. மாமா அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விசாரித்தார். விசாரித்தால் நான் விடுவேனா? பலாப்பழத்திலிருந்து ஆரம்பித்து, மூன்று எண்ணெய், இருபது நிமிடம், குட்டை, கொக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"உலோகம் தெரியற எடம் ஒண்ணு விடக்கூடாது மாமா. விட்டா அங்கதான் சேறு புடிக்கும்."

"பேஷ், பேஷ்" என்றார்.

அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து போன். ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டது, நான் உட்கார்ந்தால்தான் எழுந்திருக்குமாம். பாட்டிலையும் துணியையும் அப்படியே வைத்துவிட்டு பஸ் பிடித்து ஓடினேன்.

மறுநாள் ஆயுத பூஜை. காலை பத்து மணிக்கு, கடைசியாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று போனால், கூடத்தில் இரண்டு பைக்கும் கோலத்தின் மேல் நிற்கின்றன. சந்தனம், குங்குமம், மாலை, சீட்டில் ஆளுக்கு ஒரு பொட்டு. பக்கத்தில் புத்தக அடுக்கு, லேப்டாப், மாமாவின் கால்குலேட்டர், அவள் அம்மாவின் மிக்சி. என் அந்தோணியார் காசுக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருந்தார்கள். பைக் பளபளவென்று மின்னியது. நான் அது எண்ணெயின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் மாமா, தெருமுனை வரைக்கும்" என்றேன்.

"எழுந்தருளப் பண்ணியாச்சேம்மா. இனிமே நாளைக்குக் கார்த்தால பூஜை ஆனப்புறம்தான் தொடலாம்."

"நான் கிறிஸ்டியன் மாமா. எனக்கு இது செல்லுமா?"

"ஒனக்குச் செல்லாதும்மா. வண்டிக்குச் செல்லும்."

என் ஜோடி சுண்டல் தின்றுகொண்டே சிரித்தாள். அன்று இரவு அங்கேயே தங்கினேன்.

விஜயதசமி விடியற்காலை நாலரை மணிக்கு மாமா எங்களுக்காகவே எழுந்து, குளித்து, பூஜையை முடித்து, பைக்குகளை வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். "க்ஷேமமா போயிட்டு வாங்கோ" என்றார். அவள் முதலில் ஏறினாள். மழை விட்டிருந்தது. முதல் நாள் உடைத்த பூசணிக்காய்கள் வீதி முழுக்கக் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தன. ஒன்றைத் தவிர்த்து வளைந்தாள். இன்னொன்றைப் பார்த்து பிரேக் பிடித்தாள்.

பைக் அதைப் பொருட்படுத்தவில்லை.

பூசணிக்காய் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, வாழைக்கன்று கட்டி நின்றுகொண்டிருந்த ஆட்டோவின் பின்னால் போய், கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். லிவர் அழகாக உள்ளே போயிற்று. சக்கரம் அழகாகச் சுற்றியது.

மாமா பின்னாலேயே வந்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"நடுவுல வட்டமா ஒரு தட்டு இருக்கு பாரு, அதை மட்டும் விட்டுட்டுப் போயிட்டியேம்மா நீ. நானே ரெண்டு பக்கமும் சாத்திட்டேன். நன்னா சுத்தி சுத்தி விட்டேன், உள்ள வரைக்கும் போகட்டும்னு."

அவர் சொன்ன வட்டத் தட்டுதான் டிஸ்க். பிரேக் பேட் அதைக் கவ்வித்தான் வண்டி நிற்கும். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே வீண். நான்கு தட்டுகளுக்கும் பக்தியோடு விளக்கெண்ணெய்.

அவள் என்னைப் பார்த்தாள். மாமாவைத் திட்ட முடியாது. அவர் நான் சொன்னதைத்தான் அப்படியே செய்திருந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

"வேன்லயே போயிடலாமா, ஆரம்பத்துலேருந்தே?" என்றாள் என்னிடம், அவர் உள்ளே போனதும். குரலில் சிரிப்பு இல்லை.

கையில் அரை மணி நேரம். கொரோனா காலத்திலிருந்து அலமாரியில் கிடந்த சானிடைசர் பாட்டில்கள் இரண்டையும் காலி செய்தோம். உப்புத்தாள் வைத்து பேடுகளைத் தேய்த்தோம். விளக்கெண்ணெய் என்று திட்டுவதற்கு ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது. அது போகவே போகாது. என் பையில் புது பேட் ஒரே ஒரு செட் இருந்தது, ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஆகும். அவளிடம் நீட்டினேன். நான் செய்த பாவத்துக்கு அதுவாவது.

"நீ போட்டுக்கோ" என்றாள்.

"ஏன்டி?"

"எறும்பு குறுக்க போனாலும் நீ பிரேக் போடுவே. பிரேக் இல்லேன்னா பத்தாவது கிலோமீட்டர்ல வேனைத் தேடுவே."

தியாகம் மாதிரி ஆரம்பித்து அவமானமாக முடிந்தது. போட்டுக்கொண்டேன். ஆக, என் முன் பிரேக் முழுசாக வேலை செய்தது. அவளுடைய பின் பிரேக் கெஞ்சினால் கொஞ்சம் பிடித்தது. மற்ற இரண்டும் சம்பிரதாயத்துக்கு. முக்கொம்பில் பைக்கைப் பரிசோதித்த தம்பி நான்கு லிவர்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, செம ஸ்மூத்" என்றான்.

சேற்றில் ஒரு நன்மை இருக்கிறது. அங்கே யாருக்கும் பிரேக் தேவையில்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். சில இடங்களில் மிதித்தாலும் நின்றுவிடும். மற்றவர்கள் குச்சியால் குடைந்துகொண்டிருக்க, எங்கள் ஃப்ரேமிலிருந்து களிமண் தானாக வழுக்கி விழுந்தது. முதல் ஐம்பது கிலோமீட்டரில் இருபது பேரைத் தாண்டினோம். தேக்குக்கால் பேங்க்காரி தன் பைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வணக்கம் சொன்னேன்.

பிரச்சினை இறக்கங்களில். கரையிலிருந்து பாதைக்கு இறங்குகிற சரிவுகள். முதல் இரண்டை நடந்து இறங்கினோம், நேரம் போயிற்று. மூன்றாவதில் அவள் பக்கத்தில் வந்து என் முதுகுப் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரேக் போட்டால் இரண்டு பேரும் நிற்க வேண்டும். இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்து நான்காவதில் முயன்றோம். ஐந்தாவதில் வந்துவிட்டது. அவள் கட்டைவிரல் தோளில் அழுந்தும், "மெதுவா, மெதுவா, இப்ப விடு" என்பாள், நான் விடுவேன். இத்தனை வருடத்தில் அவள் என்னை நம்பி எதையாவது செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு வழியில்லாத நம்பிக்கைதான், இருந்தாலும்.

எழுபது தாண்டியதும் மழை கொட்டியது. எண்ணெய் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? எண்பதில் என் சக்கரம் அடைத்தது. தோளில் தூக்கினேன். தொடை இரண்டும் என் பேச்சைக் கேட்பதாக இல்லை. அவள் முன்னால் போய்விட்டாள். எண்பத்து மூன்றில், சொல்லிவைத்த மாதிரி, பின்னால் ஹாரன்.

அதே வேன், அதே டிரைவர் அண்ணன். ஜன்னலை இறக்கினார்.

"வாங்கக்கா. உங்க டவல் போன வருஷத்துலேருந்து வண்டியிலதான் கெடக்கு. தொவச்சு வச்சிருக்கேன்."

"அண்ணே, சும்மா போங்கண்ணே."

"வடை சூடா இருக்கு. கெட்டிச் சட்னி."

சத்தியமாகச் சொல்கிறேன், உயர்ந்த எண்ணம் எதுவும் எனக்கு வரவில்லை. கதவைப் பார்த்தேன். படி என் முழங்கால் உயரத்தில், காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஒரு கால் வைத்தால் போதும். காரணம்கூடத் தயாராக இருந்தது: பிரேக் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து, அவளுடைய நல்லதுக்குத்தான்.

அப்போது அவளைப் பார்த்தேன். இருநூறு அடி தள்ளி, சரிவின் உச்சியில், ஒரு காலை ஊன்றிக்கொண்டு மழையில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. போன வருடம் அதே இடத்தில் நிற்காமல் போனவள். இந்தத் தடவை அவளால் இறங்க முடியாது. அவளுடைய பிரேக் இங்கே, வேன் கதவில் கையை வைத்துக்கொண்டு வடையை மோந்துகொண்டிருந்தது.

"டவல மட்டும் குடுங்கண்ணே" என்றேன்.

"ஏறலையா?"

"அங்க அவ வெயிட் பண்றா."

முகத்தைத் துடைத்தேன். துவைத்த டவல், சோப்பு வாசனை. கழுத்தில் போட்டுக்கொண்டு, பைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் பக்கத்தில் போய் நின்றதும் என் பையின் பட்டையைப் பிடித்தாள்.

"வடை வாங்கிண்டு வரலையா?" என்றாள்.

"போடி."

மீதி ஐம்பத்தேழு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மோசமாக இருந்தது. பதினோரு இறக்கங்கள், ஒன்றில் விழுந்தோம். முக்கொம்பு வந்தபோது ஏழு நிமிடம் தாமதம். முடிவுக் கோட்டில் காற்றடித்து நிறுத்தியிருந்த வளைவு பாதி சுருங்கி, தரையோடு படுத்துக்கொண்டிருந்தது. அதன் மேலேயே ஏறி ஓட்டினோம். மெடல் கிடையாது. யாரோ ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

உரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அடுத்த தடவை பேட் நாலு செட் எடுத்துண்டு வா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது கெட்டுவிடும்.

இருட்டத் தொடங்கியிருந்தது. பிரேக் இல்லாத பைக்கோடு ஸ்ரீரங்கம் போக வேண்டும். வேன் வந்து பக்கத்தில் நின்றது. "ரேஸ்தான் முடிஞ்சிருச்சுல்ல, இப்பவாச்சும் ஏறுங்கக்கா. ஸ்ரீரங்கம் வழியாத்தான் போறேன்" என்றார் டிரைவர் அண்ணன். நான் படியைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். காலை ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை.

"சீக்கிரம் வாடி, குளிர்றது" என்றபடி அவள் முதலில் ஏறி, வடைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

பாதி வழியில் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிடீ இருந்தது? சேறு ஒட்டித்தா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தத் தட்டுல ஒரு பொட்டு ஒட்டலப்பா."

"பாத்தியா! அந்தக் கொழந்தை மறந்து விட்டுட்டுப் போயிடுத்து, நான் பாத்துண்டதால ஆச்சு. அடுத்த வருஷம் நானே முழுக்க சாத்திடறேன்னு சொல்லு."

"சொல்றேன்ப்பா" என்று வைத்துவிட்டு, மூன்றாவது வடையை எடுத்தாள்.